கெம்பஸும் குடியும்: தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதிக்கான ஏ.எல். வெட்டுப்புள்ளி வெளியாகும் கிழமையிலிருந்து கெம்பஸ் திறக்கும் நாள் வரைக்கும் எனது தொலைபேசிக்கு ஓய்வில்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மலையகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதியில் இருந்து படித்தவன். பெட்டி வாங்குவது, மகாபொல உதவித்தொகை, பேங்க் புத்தகம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அது குடியைப் பற்றியது. முதலில் அம்மாமார் கேட்பார்கள். ஒரு வருடம் போனதும் பிள்ளைகளே கேட்பார்கள்.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தருகிறேன். பேராதனைக்குப் போனாலும், பதுளை ஊவா வெல்லஸ்ஸவுக்குப் போனாலும், பெலிஹுல்ஓயா சப்ரகமுவவுக்குப் போனாலும் நாட்டுச் சட்டம் ஒன்றுதான். உள்விதிகளில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. பதிவு செய்யும்போது தரும் மாணவர் கைநூலில் அவை இருக்கும். அதை வாசிக்காமல் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள்.

கெம்பஸ்ல குடிக்கலாமா கூடாதா சேர்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கூடாது. விடுதி அறை, விளையாட்டு மைதானம், கென்டீன், பல்கலைக்கழக பஸ் எல்லாம் அதில் அடங்கும். குற்றம் குடிப்பது மட்டுமல்ல. போத்தலை உள்ளே கொண்டுவருவதும், அறையில் வைத்திருப்பதும், வெளியே குடித்துவிட்டு வெறியோடு உள்ளே வந்து ரகளை பண்ணுவதும் ஒழுக்க மீறல்தான். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பை உபவேந்தரிடம் கொடுத்திருக்கிறது. அவருக்குக் கீழே பீடாதிபதி, மாணவர் ஆலோசகர்கள், வார்டன், மார்ஷல் (வளாகக் காவல் பொறுப்பாளர்) என்று ஒரு வரிசை இருக்கிறது. இரவில் அறைக் கதவைத் தட்டுகிறவர் அநேகமாக இந்த வரிசையின் கடைசி ஆளாகத்தான் இருப்பார்.

21 வயசு ஆச்சுன்னா சட்டப்படி குடிக்கலாம்தானே? அப்ப கெம்பஸ் எப்படித் தடுக்க முடியும்?

இவை இரண்டு வேறு விஷயங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. அதில் குற்றவாளி விற்றவர். 21 தாண்டியவர் அனுமதிப்பத்திரம் உள்ள கடையில் வாங்கினால் நாட்டுச் சட்டம் அவரைத் தடுக்காது.

ஆனால் அந்தப் போத்தல் கெம்பஸ் கேட்டைத் தாண்டியதும் உள்விதி வந்துவிடும். விடுதியில் இடம் எடுக்கும்போது அந்த விதிகளுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருப்பீர்கள். முதல் வருடப் பிள்ளைகளில் பலர் 21ஐத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே பெட்ச்சில் ஒருவன் வாங்கலாம், மற்றவனுக்கு விற்கக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக் கொடுக்கும் பெரிய பெட்ச் அண்ணன் பிரச்சினையில் தானும் விழுகிறார்.

முட்டக் குடிக்கிறதுன்னா எவ்வளவு? ஒரு கால் போத்தல் எல்லாம் ஒரு விஷயமா?

விஷயம்தான். இதைக் கணக்காகவே பார்ப்போம். எங்கள் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

ஒரே இருப்பில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் சுத்த மதுசாரம் உள்ளே போனால் உலக சுகாதார நிறுவனம் அதை அளவு மீறிய குடி என்கிறது. 33.5 சதவீதச் சாராயம் 180 மில்லிலீட்டர் கொண்ட கால் போத்தலில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீட்டர் போத்தலில் 43 கிராம். ஒரு காலும் அரைவாசி பியரும் சேர்ந்தாலே 60ஐத் தாண்டிவிடும். "பியர்தானே குடிச்சேன்" என்று சொல்கிறவன் இரண்டு ஸ்ட்ரோங் போத்தலில் 86 கிராம் குடித்திருக்கிறான்.

ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 10 கிராமைத்தான் கழிக்கும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடக் குறையலாம், அவசரப்படுத்த மட்டும் முடியாது. அரைப் போத்தல் குடித்து நடுச்சாமத்தில் படுத்தவனின் இரத்தத்தில் காலை எட்டு மணி விரிவுரையிலும் மது இருக்கலாம். ஐம்பது கிலோ உடம்புக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. தோட்டத்திலிருந்து போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் அறுபது கிலோவைத் தொட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குளிருக்குத்தான் சேர் குடிக்கிறோம். அதுல என்னா தப்பு?

இதை எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழையில் நனைந்து வேலைக்காட்டிலிருந்து இறங்கியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். உண்மை தலைகீழானது. மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருகிறது. கன்னம் சூடாக இருப்பது அதனால்தான். அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விட, உடம்பின் உள் வெப்பம் இறங்குகிறது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தியையும் மது மழுங்கடிக்கிறது.

பேராதனைப் பக்கத்து ஹந்தானை மலையில் பனி இறங்கும் இரவில், ஈரப் புல்லில், குடித்துவிட்டுத் தூங்கிப்போனவனுக்குக் குளிரே எமனாகலாம். அவனுக்குக் குளிர்வதாகவும் தெரியாது.

கசிப்பு வெல கொறவு, போத்தல் வாங்கக் காசில்ல. அது அவ்வளவு மோசமா?

மோசம். கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் காய்ச்சுவதும் விற்பதும் வைத்திருப்பதும் மதுவரிச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது என்பதுதான். அதில் மெதனோல் கலந்திருந்தால் முதலில் சாதாரண வெறி போலவே இருக்கும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். பார்வை முழுதாகப் போனவர்களும் இறந்தவர்களும் உண்டு. அடுத்த நாள் கண் புகை மூட்டமாகத் தெரிந்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. கசிப்புக் குடித்தேன் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சீனியர்மாரு புள்ளய குடிக்க வச்சுருவாங்கன்னு சொல்றாங்க. நெசமா தம்பி?

அம்மா, எல்லா இடத்திலும் எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் "நீ ஆம்பளையா, ஒரு மொடக்கு குடி பாப்பம்" என்று வற்புறுத்துவது நடக்காததும் இல்லை. பிள்ளைக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது பகிடிவதை. அது பழக்கவழக்கமும் இல்லை, வரவேற்பும் இல்லை, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடம்புக்கோ மனதுக்கோ பாதிப்பை, வேதனையை, பயத்தை உண்டாக்கும் செயலைப் பகிடிவதை என்கிறது. அதற்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. கடும் காயம் ஏற்பட்டால் 10 வருடம் வரை.

மறுப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு சொல் தேவை. "மாலை போட்டிருக்கேன்", "மருந்து குடிக்கிறேன்" என்று சாட்டுச் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் முதல் வருடம் முழுக்கக் குறிஞ்சிக் குமரன் கோயில் விரதத்தின் பெயரால் தப்பித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். வற்புறுத்தல் தொடர்ந்தால் மாணவர் ஆலோசகரிடம் போகலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரடியாக முறையிடலாம். உயிர்ப் பயம் என்றால் பொலிஸ், 119.

பிடிபட்டா உடனே வெளிய போட்டுருவாங்களா?

உடனே வெளியேற்றுவது அரிது. முதலில் மார்ஷல் அல்லது வார்டன் ஓர் அறிக்கை எழுதுவார். அதன் மேல் ஆரம்ப விசாரணை நடக்கும். விஷயம் பெரிதென்று பட்டால் குற்றப்பத்திரம் தந்து முறையான விசாரணை வைப்பார்கள். தண்டனை எச்சரிக்கைக் கடிதத்தில் தொடங்கி விடுதியிலிருந்து விலக்குவது, வகுப்புத் தடை என்று ஏறும். குடித்ததற்காக மட்டும் பட்டத்தை இழந்தவரை எனக்குத் தெரியாது. குடித்துவிட்டு அடித்தவர்கள், உடைத்தவர்கள், பெண் பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர்கள் எல்லாம் இழந்திருக்கிறார்கள். வெறியில் இருந்தேன் என்பது அங்கே மன்னிப்பாகாது.

விசாரணையில் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல அவகாசம் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு எங்கே செய்வது என்று கைநூலில் இருக்கும். அதற்குரிய நாட்கள் குறைவு, தவறவிடாதீர்கள்.

எனது அனுபவத்தில் எங்கள் பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை, வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று விசாரணைக்கே போகாமல் இருப்பது. போகாதவனின் பக்கம் கேட்கப்படாமலே முடிவு எழுதப்படும்.

கடிதம் சிங்களத்துல வந்திருக்கு. எனக்கு அரைவாசிதான் வெளங்குது.

தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. விளங்காத கடிதத்துக்கு விளங்கியது மாதிரிப் பதில் எழுதித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட ஒரு பிள்ளைக்காக நான் பீடாதிபதி அலுவலக வாசலில் நின்றிருக்கிறேன். விசாரணையிலும் தமிழ் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மகாபொல நின்னுருமா?

எச்சரிக்கைக் கடிதத்தோடு போனால் பயப்பட வேண்டியதில்லை. வகுப்புத் தடை வந்தால் வரவு குறையும், பரீட்சை தவறும், அதோடு உதவித்தொகையும் சிக்கலாகும். அந்தக் காசில் பாதியை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது தண்டனைக்கு மேல் தண்டனை.

போர்டிங்ல, ஆத்தங்கரையில குடிச்சா கெம்பஸுக்கு என்ன வந்துச்சு?

விடுதி விதி அங்கே வராது. ஆனால் அடிதடி, சத்தம் என்று பொலிஸ் வந்தால் நீங்கள் எந்தக் கெம்பஸ் என்பதுதான் முதல் கேள்வி. வெளியே நடந்தது உள்ளே விசாரணைக்கு வந்ததுண்டு.

எனக்கு விதியை விட இடம்தான் கவலை. பேராதனையைச் சுற்றி மகாவலி ஓடுகிறது, ரயில் பாதை போகிறது, கண்டி வீதியில் பஸ்கள் பறக்கின்றன. வெறியோடு தண்டவாளத்தில் நடந்து விடுதிக்குத் திரும்புவது "ஷோர்ட் கட்" இல்லை. கால் நிதானமில்லாதவனை ஆற்றில் இறங்க விடாதீர்கள். பெட்ச் ட்ரிப்புக்கும் இதே பதில்தான். நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள பாறை காய்ந்திருக்கும்போதே வழுக்கும்.

ஒருத்தன் மயங்கிக் கெடக்கான். வார்டனுக்குத் தெரிஞ்சா எல்லாரும் மாட்டுவோம். என்ன செய்யிறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

எங்கள் இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த இரவு. அறையில் ஐந்து பேர். அதில் ஒருவன் அதற்கு முன்பு குடித்ததே இல்லை. பந்தயம் கட்டி அரைப் போத்தலை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தான். பத்தரைக்குச் சாய்ந்தான். நாங்கள் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, லைட்டை அணைத்துக் கதவைப் பூட்டினோம். பூட்டியது நான். நண்பனை வார்டனிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். இரண்டு மணிக்கு அவன் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். வாந்தி மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு கத்தினான். கீழே காவலுக்கு இருந்த பெரியவர், ஒரு சிங்களவர், ஓடிவந்து அவனைப் புரட்டிப் போட்டார். வாயை வழித்து, தன் சாரத்தாலேயே துடைத்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்தான். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னும் பத்து நிமிடம் நாங்கள் பயந்துகொண்டு இருந்திருந்தால் அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

உலுக்கியும் எழும்பவில்லையா, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவா, ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பத்து விநாடி இடைவெளியா, உதடு நீலமா, தோல் சில்லென்று இருக்கிறதா, தூக்கத்திலேயே வாந்தியா, வலிப்பா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். வரும் வரைக்கும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே உள்ள முழங்காலை மடக்கி முன்னால் வையுங்கள், வாய் தரையைப் பார்க்கட்டும். தனியாக விட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது வயிற்றில் இருந்து இரத்தத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும். குடிப்பதை நிறுத்திய பிறகும் நிலைமை மோசமாகலாம்.

தேசிக்காய், மோர், கட்டக் கோப்பி, தலையில தண்ணி? எது வேல செய்யும்?

எதுவும் வேலை செய்யாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன ஈரல் கணக்குத்தான், நேரம் மட்டும்தான் வெறியை இறக்கும். கோப்பி வெறியைக் குறைக்காது, தூக்கத்தைக் கலைக்கும். மலை நாட்டுக் குளிரில் தலையில் தண்ணீர் ஊற்றினால் உடம்பு இன்னும் குளிரும். அரை மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். தூக்க மாத்திரையோ ப்ரெகபலின் போன்ற நரம்பு வலி மாத்திரையோ சேர்த்துப் போட்டிருந்தால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து பல மடங்கு. அறிகுறி தெரியும் வரை காத்திருக்காமல் அழையுங்கள், மாத்திரை அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனா கெம்பஸுக்குத் தெரிஞ்சுருமே?

நோயாளியின் விஷயத்தை ஊருக்குச் சொல்வது டொக்டரின் வேலை இல்லை. அடிபட்ட காயமோ, நஞ்சு என்ற சந்தேகமோ இருந்தால் ஆஸ்பத்திரி பொலிஸ் விசாரிக்கும். அதே நேரம், விடுதி வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தால் வார்டனுக்குத் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க வழி தேடாதீர்கள். எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதலாம்.

கூப்பிட்டவனுக்கும் தண்டனையா? அது எந்த நியாயம்?

நியாயமில்லை. அன்று எங்கள் ஐவருக்கும் ஒரே தண்டனைதான் கிடைத்தது, விடுதித் தடை. கதவைத் திறந்து கத்தியவனுக்கும் அதுதான், பூட்டிய எனக்கும் அதுதான். அதைப் பார்த்த கீழ் பெட்ச் என்ன பாடம் படித்திருக்கும்? அடுத்த முறை கத்தக் கூடாது என்பதைத்தான்.

அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகம் 2002இலேயே இதற்கு ஒரு விதி வைத்தது. உயிராபத்தில் உதவி கேட்டவர் மீதும் உதவி பெற்றவர் மீதும் குடித்ததற்காக ஒழுக்க வழக்கு போடுவதில்லை. அதற்குப் பதிலாக ஆலோசனைக்கு அனுப்புவார்கள். பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின. இங்கே அப்படி ஒரு வரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். இருந்தாலும் கூப்பிடுங்கள். விசாரணையில் "நான்தான் கூப்பிட்டேன், இத்தனை மணிக்குக் கூப்பிட்டேன்" என்பதை முதல் வரியாக எழுதுங்கள். தொலைபேசியில் அழைப்பு நேரம் பதிவாகியிருக்கும், அதை அழிக்காதீர்கள்.

முழுத் தடைதான் சரியா? வெளிநாட்டுல எல்லாம் கெம்பஸ்லயே பார் இருக்காமே?

சில நாடுகளில் இருக்கிறது. எல்லா இடத்திலும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லா மாநிலங்களும் வயதை 21 ஆக்கின. அப்படியிருந்தும் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி 1993இல் தொடங்கிய ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கும் மேற்பட்ட மாணவர்கள் முட்டக் குடிப்பவர்களாக இருந்தார்கள். 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகத் தலைவர்கள் அந்த வயதெல்லையைப் பற்றி மீண்டும் பேச வேண்டும் என்று கையெழுத்து வைத்தார்கள். டார்ட்மவுத் என்ற கல்லூரி எதிர்ப் பக்கம் போய், 2015இல் கடும் மதுவகைகளை வளாகத்தில் முழுதாகத் தடை செய்தது.

எனது கருத்து: விடுதிக்குள் தடை இருக்கட்டும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் குடிக்காத நான்கு பேருக்கும் தூங்கும் உரிமை உண்டு. ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டுக் கையைக் கழுவினால் குடி ஆற்றங்கரைக்கும் பூட்டிய கதவுக்குள்ளும் போய்விடும். அங்கே கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.

பொம்பளப் புள்ளைங்களுக்கு வேற சட்டமா?

உள்விதி எல்லாருக்கும் ஒன்று. நாட்டில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் பழைய விதி ஒன்று இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது, சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தை இரத்துச் செய்யச் சொன்னார். உடம்பைப் பொறுத்தவரை ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால்.

ஒரு பிள்ளை குடித்திருந்தாள் என்பதற்காக அவளுக்கு யாராவது தீங்கு செய்தால், குற்றம் அந்தத் தீங்கைச் செய்தவனுடையது. முறைப்பாடு செய்ய அவள் தயங்கக் கூடாது. "நீ ஏன் குடிச்ச" என்று கேட்பதற்கு முன்னால் தோழிகள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

தோட்டத்துப் புள்ளன்னாலே குடிகாரன்னு சொல்றாங்க. அதக் கேட்டா வெறுத்துப்போவுது.

எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் எங்கள் முன்னோர் வந்தபோது சாராயக் குத்தகை ஆங்கில அரசுக்குப் பெரிய வருமானம். உடம்பு நோக உழைத்தவனின் கூலி, தவறணை என்ற சாராயக் கடை வழியாகத் திரும்ப அரசின் பெட்டிக்கே போனது. குடி எங்கள் இரத்தத்தில் இல்லை. அது எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது.

அந்தப் பேச்சைப் பொய்யாக்கும் சுமை முழுவதையும் நீங்கள் ஒருவர் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பா குடித்து அம்மா அழுததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதே போத்தலை விடுதியில் வைத்து "என்ஜோய்" என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. குடும்பத்தில் குடிநோய் இருந்தால் பிள்ளைக்கும் அந்த ஆபத்து கூடுதல் என்பது மருத்துவம் சொல்லும் உண்மை. அதை அவமானமாக எடுக்காமல் தகவலாக எடுங்கள்.

நிப்பாட்டணும்னு நெனைக்கிறேன், முடியல. யார்கிட்டப் போறது?

இதைக் கேட்க முடிந்ததே பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓடிட் என்ற பத்துக் கேள்விப் பரிசோதனை இருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, அடுத்த நாள் நினைவு இருக்கிறதா என்று கேட்கும். 40 புள்ளிகளில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் யாரிடமாவது பேச வேண்டிய நேரம். பல்கலைக்கழகச் சுகாதார நிலைய டொக்டரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ போகலாம். தானாக உதவி தேடிப் போகிறவன் பிடிபட்டவன் இல்லை. கெம்பஸில் யாரிடமும் சொல்ல மனமில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரைக்கும் வரலாம். பூசைக்கு மாலை போட்டு ஒரே நாளில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் அப்பாமாருக்கும் இது பொருந்தும். டொக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

கூப்பிட்டவனத் தண்டிக்கிற விதிய மாத்த நாங்க என்னா செய்யலாம்?

எழுதுங்கள். விதிகளை நிறைவேற்றுவது பல்கலைக்கழகப் பேரவை. பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாகத் தொடங்கலாம். தனித் தமிழ்ச் சங்கமாகப் போகாமல் சிங்கள, முஸ்லிம் நண்பர்களையும் சேர்த்து, மூன்று மொழியிலும் எழுதிக் கொடுங்கள். மூச்சு எல்லாருக்கும் ஒன்றுதான். குடிக்க அனுமதி கேட்கிறார்கள் என்று யாரும் திரிக்காதபடி, விடுதித் தடையை ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டியது ஒரு வரிதான். நான் எழுதி வைத்திருப்பது இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"உயிராபத்தில் உள்ள ஒருவருக்காக உதவி கோரிய மாணவர் மீதும், அந்த உதவியைப் பெற்ற மாணவர் மீதும், அவ்வேளையில் மது அருந்தியிருந்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒழுக்க நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது."